மூலையிலுள்ள பெருக்கல் குறி

பரந்தன் நெல்லாலை. எடைப்பாலத்துக்குப் பக்கத்து அறையில்
நான் எழுதின புரோகிராம் ஓடுகிறது.
காலையில் யசோதினி எடுத்தாள்:
"அக்கா, இது திறக்குதில்லை.
ஏற்கெனவே திறந்திருக்காம்."
இரவு தானேதான் மூடினதாகச் சொன்னாள்,
மூலையிலுள்ள பெருக்கல் குறியை அமத்தி.

மூடினது யன்னல் மட்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் போனேன்.
டாஸ்க் மனேஜரில் பேர் அப்படியே கிடந்தது,
முகமில்லாமல், மூச்சோடு.
எடைப்பாலத்துக் கம்பியை ஓர் இழை
விடியவிடியப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது,
அடுத்த லொறி ஏறும், ஏறும் என்று.
பூட்டியாயிற்று என்று ஒருவரும் அதற்குச் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

கொல்வது சுகம். ஒரு சொல்லை அமத்தினால் காணும்.
போன கிழமை யசோதினி அப்படித்தான் செய்தாள்.
ஊரியான் பரஞ்சோதியரின் பதினாலு மூட்டை
பாதி எழுதின வரியோடு நின்றுபோயிற்று.
துண்டு அவர் கையில்; கணக்கில் இல்லை.
மனிசன் சத்தம் போடவில்லை.
துண்டை மடித்து சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு
"இதிலை மை இருக்குத்தானே பிள்ளை" என்றார்.

அதுதான் இன்றைக்கு இருந்து எழுதினேன்.
முதலில் ஒரு கொடி: நில்.
கொடி ஏற்றினால் மட்டும் காணாது.
எடை வாசிக்கிறவன் கம்பியில் காதை வைத்தபடி;
நிமிர்ந்தால்தானே கொடி தெரியும்.
அரை விநாடிக்கு ஒருக்கால் நிமிரச் சொன்னேன்.
சேமிக்கிறவன் முப்பது விநாடித் தூக்கக்காரன்.
அவனுக்கு ஒரு மணி வைத்தேன்.
எழும்பின கையோடு ஓடாதே,
தொட்ட வரியை எழுதி முடித்துவிட்டு வா.

இரணைமடுவில் கதவை இறக்கினாலும்
வாய்க்காலில் இறங்கிவிட்ட தண்ணி
கடைசி வயலுக்குப் போய்த்தான் நிற்கும்.
அந்தத் தண்ணியையும் கணக்கில் எடுக்க வேணும்.

மூடிப் பார்த்தேன். உறைந்துபோயிற்று.
யன்னலும் போகவில்லை, இழையும் வரவில்லை.
பிளேன்ரீ ஆறும் மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.
பிறகுதான் விளங்கிற்று:
அவன் வரட்டும் என்று வாசலில் நான் நிற்கிறேன்.
அவனோ கடைசி எடையை யன்னலில் எழுதிவிட்டு வர
என் சம்மதத்துக்கு நிற்கிறான்.
இரண்டு பேரும் மரியாதைக்காரர்.
இப்படியே விடியும்.

கொடி ஏறின பிறகு யன்னலைத் தட்டாதே என்று ஒரு வரி சேர்த்தேன்.
காத்திருப்புக்கும் ஓர் எல்லை: ஐந்து விநாடி.
எல்லை போடாமல் காத்திருக்கிறவர்கள்
இந்த றோட்டோரக் கொட்டில்களில் இருக்கிறார்கள், படங்களோடு.
புரோகிராமுக்கு அந்த உரிமை இல்லை.
ஐந்து விநாடியில் வராதவனை,
வரவில்லை என்று, பேரோடும் நேரத்தோடும்
கோப்பில் எழுதிவிட்டுத்தான் அது போகலாம்.
எழுதாமல் போகக் கூடாது.
அந்த வரியை மூன்று தரம் சரிபார்த்தேன்.

ஏழு மணிக்கு யசோதினி பெருக்கல் குறியை அமத்தினாள்.
யன்னல் உடனே போகவில்லை.
கொஞ்சம் பொறுங்கோ என்று சின்ன எழுத்து.
"பிழையோ அக்கா?"
"இல்லை. வருகினம்."
எடைக்காரன் வந்தான். சேமிக்கிறவன் வந்தான்.
அச்சடிக்கிறவனுக்குக் கடதாசி இறுகியிருந்தது;
நாலாவது விநாடியில் அவனும்.

வெளியே ஒரு லாண்ட்மாஸ்ரர்
லைற் இல்லாமல் கரடிப்போக்குப் பக்கம் போனது.
யசோதினி ஆமைப்பூட்டைத் தேடினாள்.
அது என் ஹெல்மெற்றுக்குக் கீழே கிடந்தது.